ஞாபகம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் டிமென்ஷியா

"அவருக்கு ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு டாக்டர், குணம்தான் மாறிப்போச்சு." வீட்டார் இப்படிச் சொன்னால் டிமென்ஷியா என்ற பேச்சே பல இடங்களில் எழுவதில்லை. 55 வயதுக்காரர் துக்க வீட்டில் சிரிக்கிறார். சர்க்கரை டப்பாவைத் திறந்து அள்ளி அள்ளித் தின்கிறார். பேத்தி கீழே விழுந்து அழுதாலும் டி.வி.யிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. தேதி, கிழமை, ஊர், பிரதமர் பெயர் எதைக் கேட்டாலும் சரியாகச் சொல்கிறார். மனஅழுத்தம், குடும்பப் பிரச்சினை, வயசுக்கோளாறு என்று ஒவ்வொரு பெயராக வைத்துப் பார்ப்பதிலேயே ஆண்டுகள் போய்விடுகின்றன.

டிமென்ஷியா என்றால் மறதி என்று நாம் பழகிவிட்டதுதான் இதற்குக் காரணம். டிமென்ஷியா என்ற ஒற்றைப் பெயருக்குள் பல நோய்கள் இருக்கின்றன. அவை மூளையை ஒரே சீராகத் தேய்ப்பதில்லை. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட இணைப்பு வலையமைப்பைப் பிடித்துக்கொண்டு, அதன் வழியாகவே பரவுகிறது. எந்த வலையமைப்பு முதலில் அறுகிறதோ, அதன் வேலைதான் முதல் அறிகுறியாக வெளியே தெரியும். அதனால்தான், நோய் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதைவிட, எதிலிருந்து தொடங்கியது என்ற கேள்வி முக்கியமானது.

வலையமைப்பு என்பது வெறும் உருவகம் இல்லை, அளந்து பார்க்கக்கூடிய விஷயம். எம்.ஆர்.ஐ. கருவிக்குள் ஒருவர் எந்த வேலையும் செய்யாமல் படுத்திருக்கும்போதும் மூளையின் ரத்த ஆக்சிஜன் அளவு மெல்ல ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஓர் அலை முடிய ஏறத்தாழ 10 முதல் 100 விநாடி ஆகும். 1995-இல் ஆய்வாளர் பரத் பிஸ்வால் இதில் ஒன்றைக் கவனித்தார். கை அசையாமல் இருக்கும்போதும், இடப்பக்க மூளையிலும் வலப்பக்க மூளையிலும் கையசைவுக்கான பகுதிகள் ஒரே தாளத்தில் ஏறி இறங்கின. ஒன்றாக ஏறி இறங்கும் பகுதிகள் ஒன்றாக வேலை செய்பவை. இந்த ஒத்திசைவைத்தான் செயல்சார் இணைப்பு என்கிறோம். சும்மா இருக்கும் மூளையின் வேலையைச் சிறியது என்று நினைக்க வேண்டாம். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தைச் செலவிடுகிறது. கடினமான கணக்கு ஒன்றைப் போடும்போது அது கூடுவது கொஞ்சம்தான்.

இந்த ஓய்வுநேர வேலைக்கு மார்கஸ் ரெய்க்கல் குழு 2001-இல் டீஃபால்ட் மோட் என்று பெயரிட்டது; அதில் முன்னிற்கும் பகுதிகள்தான் டீஃபால்ட் மோட் நெட்வொர்க். மூளையின் நடுக்கோட்டில் இருக்கும் பின்பக்கச் சிங்குலேட், அதை ஒட்டிய பிரிக்யூனியஸ், நெற்றிமடலின் நடுப்பகுதி, இருபுறமும் காதுக்குப் பின்மேலாக உள்ள ஆங்குலர் மடிப்பு ஆகியவை இதன் மையங்கள். புது நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் இவற்றோடு இறுக்கமாகப் பிணைந்தது. நேற்று நடந்ததை நினைப்பது, நாளைக்குத் திட்டமிடுவது, பிறர் மனதில் என்ன ஓடுகிறது என்று யோசிப்பது எல்லாம் இங்கே நடக்கும். 2007-இல் வில்லியம் சீலி குழு சேலியன்ஸ் நெட்வொர்க் என்ற வேறொன்றைத் தனியே பிரித்துக் காட்டியது. மூளையின் பக்கவாட்டு மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் முன் இன்சுலா, நடுக்கோட்டில் உள்ள முன் சிங்குலேட் இரண்டும் அதன் மையங்கள். சுற்றியிருப்பவற்றில் இப்போது எது முக்கியம், எது மனதைத் தொட வேண்டும் என்று தேர்வது அதன் வேலை.

2009-இல் அதே சீலி குழு ஐந்து வகை டிமென்ஷியா நோயாளிகளின் மூளைச் சுருக்கத்தை வரைபடமாக்கி, ஆரோக்கியமானவர்களின் வலையமைப்புப் படங்களோடு ஒப்பிட்டது. ஐந்து நோய்களும் ஐந்து வெவ்வேறு வலையமைப்புகளோடு பொருந்தின. இந்தத் துறையில் ஒரே ஒரு முடிவைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், நான் இதைத்தான் சொல்வேன்.

முதலில் அல்சைமர். இதில் இரண்டு புரதங்கள் இரண்டு இடங்களில் வேலையைத் தொடங்குகின்றன. டவ் என்ற புரதம் நூல்போல் சிக்குண்டு உருவாகும் முடிச்சுகள் ஹிப்போகாம்பஸின் வாசலான என்டோரைனல் பகுதியில் ஆரம்பித்து, பிறகு மூளையின் மேலுறையான புறணியின் மற்ற பகுதிகளுக்குப் போகின்றன. 1991-இல் ஆய்வாளர்களான பிராக் இணையர் வகுத்த ஆறு படிநிலைகள் இந்தப் பாதையைத்தான் பின்தொடர்கின்றன. இரண்டாவது புரதமான அமிலாய்டின் படிவுகளோ பின்பக்கச் சிங்குலேட், பிரிக்யூனியஸ், நெற்றிமடல் போன்ற டீஃபால்ட் மையங்களில் ஆரம்பத்திலேயே சேர்கின்றன. ஏன் அங்கே? நரம்பணுச் சந்திப்பில் வேலை அதிகமாக நடந்தால் அமிலாய்டு வெளியேற்றமும் அதிகமாகிறது என்று எலிகளில் காட்டியிருக்கிறார்கள். நாள் முழுக்க ஓயாத மையங்கள் என்பதால் அவற்றுக்குச் சுமை கூடுகிறது என்பது ஏற்கத்தக்க விளக்கம், ஆனால் முழு விளக்கம் அல்ல. படிவு அதிகமுள்ள இடமும் அறிவாற்றல் சரியும் இடமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. அறிவாற்றல் சரிவோடு நெருக்கமாகப் பொருந்துவது டவ்தான்.

ஹிப்போகாம்பஸுக்கும் பின்பக்கச் சிங்குலேட்டுக்கும் இடையிலான ஒத்திசைவு குறைவது அல்சைமரில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட மாற்றம். அமிலாய்டு இருந்தும் மறதிப் புகார் எதுவும் இல்லாதவர்களிடமே இது தென்படத் தொடங்குகிறது. மூளை எங்கே எவ்வளவு சர்க்கரையைப் பயன்படுத்துகிறது என்று காட்டும் குளுக்கோஸ் பெட் ஸ்கேனில் பின்பக்கச் சிங்குலேட்டும் உச்சிமடல், பொட்டுமடல் சந்திப்பும் மங்கித் தெரிவதும் இதன் தொடர்ச்சி. இதன் விளைவை வீட்டில் எப்படி அறியலாம்? புதிதாக ஒன்றைப் பதிய வைப்பதே நடக்காது. காலையில் தம்பி வந்துபோனதை மாலையில் கேட்டால் தெரியாது. "யாரோ வந்தாங்களே, உங்க தம்பி..." என்று எடுத்துக்கொடுத்தாலும் வராது. நோயற்ற முதியவருக்கும், ரத்தக்குழாய் வகை டிமென்ஷியா உள்ள பலருக்கும், எடுத்துக்கொடுத்தால் "ஆமாம், வந்தான்" என்று வந்துவிடும். பதியவே இல்லையா, பதிந்ததை எடுக்க முடியவில்லையா என்ற வேறுபாட்டைத்தான் மருத்துவமனைப் பரிசோதனைகளும் தேடுகின்றன.

அல்சைமரே மறதியில் தொடங்காமலும் வரும். அதே டவ், அதே அமிலாய்டு, ஆனால் பின்மூளைப் பார்வை வலையமைப்பில் ஆரம்பித்தால் அது பின்புறணிச் சுருக்கம். ஃபிராங்க் பென்சன் 1988-இல் விவரித்தது. சட்டையில் கை நுழைக்கத் தெரியாது. மேசைமேல் கண்முன் இருக்கும் கண்ணாடி தெரியாது. படிக்கும்போது வரி மாறிப்போகும். படியின் ஆழம் புரியாமல் தடுமாறுவார்கள். கண் மருத்துவரிடம் போய்ப் புதுக்கண்ணாடி, பிறகு கண்புரை அறுவை, அதற்குப் பிறகும் மாற்றம் இல்லை என்றால் இதை யோசிக்க வேண்டும். இடப்பக்க மொழிப் பகுதியில் ஆரம்பித்தால் சொல் தேடித் தேடித் திணறுவார்கள், நீண்ட வாக்கியத்தைத் திருப்பிச் சொல்ல முடியாது. புரதம் ஒன்றாக இருந்தும் அறிகுறி மாறுவது, இடமும் இணைப்பும் எவ்வளவு தீர்மானிக்கின்றன என்பதற்குச் சரியான சான்று.

தொடக்கத்தில் சொன்ன குணம் மாறிய மனிதருக்கு இப்போது வருவோம். அது நெற்றி-பொட்டுமடல் டிமென்ஷியாவின் நடத்தை வகை. 45 முதல் 65 வயதுக்குள் தொடங்குவது மிகுதி. நோய் குறிவைப்பது சேலியன்ஸ் நெட்வொர்க்கை, பெரும்பாலும் வலப்பக்கம் கூடுதலாக. முன் இன்சுலாவிலும் முன் சிங்குலேட்டிலும் வான் எக்கோனோமோ நரம்பணுக்கள் என்ற பெரிய, நீண்ட, இருமுனை கொண்ட செல்கள் உண்டு. மனிதக் குரங்குகளிலும் யானைகளிலும் திமிங்கிலங்களிலும் இவை இருக்கின்றன. இந்நோயில் ஆரம்பத்திலேயே இவை பெருமளவு அழிவதை 2006-இல் சீலி குழு எண்ணிக் காட்டியது. இதயத்துடிப்பு, வயிற்றுப் பிசைவு, உடல் சிலிர்ப்பு என உடலுக்குள்ளிருந்து வரும் உணர்வுகள் இன்சுலாவுக்கு வந்துசேர்கின்றன. பேத்தி அழும்போது நம் வயிற்றில் ஏதோ செய்வது அந்த வழியில்தான். அந்த வழி அறுந்தவருக்கு அழுகைச் சத்தம் கேட்கும், குழந்தை அழுகிறது என்று புரியும், ஆனால் எதுவும் செய்யாது. இதை அன்பின்மை என்று எடுத்துக்கொண்டு மனைவியும் பிள்ளைகளும் நொந்துபோகிறார்கள். அவர்களிடம் முதலில் சொல்லவேண்டியது இந்த விளக்கத்தைத்தான்.

2010-இல் ஆய்வாளர் சோவின் குழு அல்சைமரையும் இந்த நடத்தை வகையையும் பக்கத்தில் வைத்து அளந்தபோது, ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பமாக வந்தது. அல்சைமரில் டீஃபால்ட் வலையமைப்பு தளர்ந்து, சேலியன்ஸ் வலையமைப்பு வழக்கத்தைவிட இறுகியிருந்தது. நடத்தை வகையில் சேலியன்ஸ் தளர்ந்து, டீஃபால்ட்டின் சில பகுதிகள் இறுகியிருந்தன. இயல்பில் இவ்விரண்டும் ஒன்றையொன்று அடக்கி வைப்பவை, ஒன்று தளர்ந்தால் மற்றது கட்டவிழ்கிறது என்பது அவர்கள் முன்வைத்த விளக்கம். நோயின் ஆரம்பத்தில் அல்சைமர் நோயாளிகள் பலர் விருந்தினரை உபசரிப்பதிலும் முகம் பார்த்துப் பேசுவதிலும் குறை வைப்பதில்லை. மறதியைச் சிரிப்பால் மூடிவிடுகிறார்கள். நடத்தை வகையில் நேர் எதிராக, வழிகளும் தேதிகளும் நினைவிருக்க, நாகரிகம் போய்விடுகிறது. வலையமைப்புப் படமும் வீட்டுக் காட்சியும் இவ்வளவு துல்லியமாக ஒத்துப்போவது இந்தத் துறையில் அரிது.

நடத்தை வகைக்கு 2011-இல் வகுத்த அளவுகோல் ஆறு அம்சங்களைக் கேட்கிறது: கட்டுப்பாடின்மை, அக்கறையின்மை, பரிவு இழப்பு, செய்ததையே திரும்பச் செய்வது, இனிப்பு மோகம் உள்ளிட்ட உணவு மாற்றம், நினைவும் இடவுணர்வும் ஓரளவு தங்கியிருக்கத் திட்டமிடும் திறன் குன்றுவது. இவற்றில் மூன்று இருந்தால் இந்நோயாக இருக்கலாம் என்று கொள்கிறார்கள். ஸ்கேன் படமும் ஒத்துப்போய், அன்றாட வேலைகளும் சரிந்திருந்தால் சந்தேகம் வலுப்படுகிறது.

இதே குடும்பத்தில் சொற்பொருள் டிமென்ஷியா உண்டு. பொட்டுமடலின் நுனி, பெரும்பாலும் இடப்பக்கம், கத்தியைப்போல் மெலிந்துவிடும். பார்த்தது, கேட்டது, தொட்டது, அதன் பெயர் எல்லாம் வந்து சேர்ந்து "பொருள்" ஆகும் சந்திப்பு அது. சந்திப்பு போனால் பேச்சு சரளமாக இருக்கும், இலக்கணம் பிசகாது, சொற்களின் அர்த்தம் மட்டும் ஒவ்வொன்றாக உதிரும். அரிதானவை முதலில் போகும். "முறம் எடுத்துட்டு வாங்க" என்றால் "முறம்னா என்ன?" என்று உண்மையாகவே கேட்பார்கள்.

இங்கே தமிழ் வாசிப்பவர்களிடம் ஒரு தனிச் சிக்கல். ஆங்கிலத்தில் இந்நோயைப் பிடிக்க ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் தொடர்பில்லாத சொற்களைப் படிக்கச் சொல்வார்கள். பொருள் தெரியாதவர் எழுத்துக்கூட்டித் தவறாகப் படிப்பார். தமிழில் எழுத்தைப் பார்த்தால் ஒலி பெரும்பாலும் வந்துவிடும். நோயாளி "முறம்" என்று அழகாகப் படித்துவிடுவார், அது என்ன என்றுதான் தெரியாது. ஆகவே தமிழில் வாசிக்கச் சொல்லிப் பார்த்தால் போதாது. படத்தைக் காட்டிப் பெயர் கேட்க வேண்டும், பெயரைச் சொல்லிப் படத்தைக் காட்டச் சொல்ல வேண்டும், பொருளைக் கையில் கொடுத்து எதற்குப் பயன்படும் என்று கேட்க வேண்டும். வலப்பக்கம் முதலில் போனால் சொல்லுக்குப் பதில் முகங்கள் போகும். பழகிய உறவினரைக் குரல் கேட்டும் அடையாளம் தெரியாமல் நிற்பார்கள்.

லூயி பாடி டிமென்ஷியா வேறு ரகம். ஆல்ஃபா-சைனுக்லின் என்ற புரதம். ஹிப்போகாம்பஸ் ஆரம்பத்தில் ஓரளவு தப்பித்துவிடுவதால் எம்.ஆர்.ஐ. பெரிதாக எதையும் காட்டாமல் போகலாம். அடிபடுவது, மூளை முழுக்க அசெட்டைல்கோலின் என்ற செய்திகடத்தும் வேதிப்பொருளை அனுப்பும் மெய்னெர்ட் கரு என்ற நரம்பணுத் தொகுதியும், டோபமின் என்ற இன்னொன்றை அனுப்பும் நடுமூளைச் செல்களும். இரண்டும் எண்ணற்ற இடங்களுக்குக் கிளை விடுபவை என்பதால், ஒரு வலையமைப்பு அறுவதைவிட, பல வலையமைப்புகளின் சுருதி ஒரே நேரத்தில் கலைவதாகவே இந்த நோயை நான் புரிந்துகொள்கிறேன். கவனத்தை வெளியே செலுத்தும் மேற்பக்கக் கவன வலையமைப்பு பலவீனமாகிறது. பிடரிமடல் பார்வைப் பகுதியில் குளுக்கோஸ் பயன்பாடு குறைகிறது, ஆனால் அல்சைமரில் மங்கும் பின்பக்கச் சிங்குலேட் இதில் ஒப்பளவில் தெளிவாகவே நிற்கும். பெட் ஸ்கேன் படிக்கும் மருத்துவர்கள் மங்கிய பகுதிகளுக்கு நடுவே தெளிவாக நிற்கும் இந்தத் தீவைத் தேடுகிறார்கள். மூளையின் மின்அலைகளைப் பதியும் இ.இ.ஜி.யில் மூளையின் பின்பக்க அலை விநாடிக்கு 8-க்குக் கீழே இறங்கி, நிலையாக நிற்காமல் ஏறி இறங்கும்.

வீட்டில் தெரிவது மூன்று. மதியம் தெளிவாகக் கணக்குப் பார்த்தவர் மாலையில் வெறித்துப் பார்த்தபடி அமர்ந்திருப்பார். மூலையில் குழந்தைகள் நிற்கிறார்கள், கட்டிலில் பூனை இருக்கிறது என்று விவரமாகச் சொல்வார், பல நேரம் பயமில்லாமல். வெளியிலிருந்து வரும் காட்சித் தகவல் மங்கும்போது மூளை தன் ஊகத்தால் அதை நிரப்புகிறது, அதைச் சரிபார்க்கும் கவன வலையமைப்போ உதவிக்கு வருவதில்லை. மாலையில் அறை விளக்கைப் பிரகாசமாக்குவதும், கோலமிட்ட திரைச்சீலையை வெற்றுத்துணியாக மாற்றுவதும் சிலருக்கு உருவெளித் தோற்றங்களைக் குறைப்பது இதனால்தான். மூன்றாவது, கனவில் கத்துவது, உதைப்பது. இது நோய்க்குப் பல ஆண்டுகள் முன்பே வரலாம். நடுக்கம், விறைப்பு, அசைவு மந்தமாவது போன்ற பார்கின்சன் அறிகுறிகளையும் சேர்த்தால் நான்கு முக்கிய அம்சங்கள். 2017 அளவுகோல்படி டிமென்ஷியாவோடு இவற்றில் இரண்டு இருந்தாலே லூயி பாடி என்று கருத இடமுண்டு.

ரத்தக்குழாய் வகையில் புரதம் எதுவும் குற்றவாளி இல்லை. புறணியின் பகுதிகளை இணைக்கும் நீண்ட நரம்பிழைகள், அதாவது வெண்பொருள், உயர் ரத்த அழுத்தத்தால் சிறு குழாய்கள் கெட்டுப் பட்டினி கிடக்கிறது. ஊர்கள் இரண்டும் அப்படியே இருக்க இடையிலிருக்கும் பாலம் விரிசல் விட்டதுபோல. அதனால் முதலில் போவது வேகம். பதில் சரியாக வரும், ஆனால் தாமதமாக. இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்ய முடியாது, எதையும் தானாகத் தொடங்க மாட்டார், நடை குறுகும், சிறுநீர் அவசரம் வரும். எம்.ஆர்.ஐ. அறிக்கையில் வெண்பொருள் சேதத்தின் அளவைச் சொல்லும் ஃபசேகாஸ் என்ற எண் 0 முதல் 3 வரை இருக்கும். 1 என்பது முதியவர்களிடம் சாதாரணம். 3 என்றால் வெண்புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து பரந்துவிட்டன. எண்ணைப்போலவே இடமும் முக்கியம். மூளையின் நடுவே தகவல் சந்திப்பாக இருக்கும் தலாமஸில் ஒரு சிறு அடைப்பு, நெற்றிமடலோடு அது சேரும் வளையத்தை வெட்டிவிட்டால், ஒரே நாளில் ஆளே மாறிப்போகலாம். நரம்பிழைகளில் நீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்று அளக்கும் டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ., சாதாரணப் படத்தில் நன்றாகத் தெரியும் இழைகளிலும் சேதம் இருப்பதைக் காட்டுகிறது. நாம் கைவைக்கக்கூடிய வகை இதுதான். 2019-இல் வெளிவந்த ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வில் மேல் ரத்த அழுத்தத்தை 120-க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களிடம் வெண்பொருள் சேதம் மெதுவாகக் கூடியது, லேசான அறிவாற்றல் குறைபாடும் குறைந்தது. டிமென்ஷியாவே குறைந்ததா என்பதை மட்டும் அந்த ஆய்வால் உறுதியாகக் காட்ட முடியவில்லை.

நோய் ஏன் இணைப்பு வழியே போகிறது? தவறாக மடிந்த புரதம் ஒரு நரம்பணுவிலிருந்து அதோடு இணைந்த அடுத்த நரம்பணுவுக்குத் தாவி, அங்குள்ள நல்ல புரதத்தையும் தவறாக மடியச் செய்கிறது என்பது இன்று வலுவாக நிற்கும் விளக்கம். என்டோரைனல் பகுதியில் மட்டும் மனித டவ்வை உருவாக்கிய எலிகளில், அது இணைந்த பகுதிகளுக்குப் பரவியதை 2012-இல் காட்டினார்கள். அதே ஆண்டில் சோவும் சீலியும், நோய்மையத்திலிருந்து ஒரு பகுதிக்கு இணைப்பு வழியிலான தூரம் எவ்வளவு குறைவோ, அங்கே சுருக்கம் அவ்வளவு அதிகம் என்று கணக்கிட்டார்கள். பக்கத்தில் இருந்தும் இணைப்பில்லாத பகுதி தப்பிக்கும், தொலைவில் இருந்தும் இணைந்த பகுதி மாட்டிக்கொள்ளும்.

இவ்வளவையும் படித்துவிட்டு "அப்பாவுக்கு நெட்வொர்க் ஸ்கேன் எடுக்கலாமா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். மேலே சொன்ன முடிவுகள் பெரும்பாலும் குழுச் சராசரிகள். ஒரு தனி மனிதரின் ஓய்வுநிலை ஸ்கேனை வைத்து நோயைப் பிரிக்கும் நம்பகம் இன்னும் வரவில்லை. காரணங்கள் நடைமுறை சார்ந்தவை. தலை அரை மில்லிமீட்டர் அசைந்தாலே, தொலைதூர இணைப்புகள் குறைந்ததுபோலவும் அருகிலுள்ளவை கூடியதுபோலவும் பொய்க்காட்சி வரும், அதுவும் நோய் காட்டும் மாற்றத்தைப்போலவே. டிமென்ஷியா நோயாளிகள்தான் அதிகம் அசைபவர்கள். கருவிக்குள் படுத்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மூன்று நிமிடத்துக்குள் தூக்கத்தில் சரிகிறார், தூக்கமும் இணைப்பை மாற்றும். அளக்கப்படுவது நரம்பணுவின் பேச்சு அல்ல, ரத்தத்தின் பதில். குழாய் கெட்டவரிடம் அந்தப் பதிலே தாமதமாகிறது. மேலும் 80 வயதுக்கு மேற்பட்ட மூளையில் அல்சைமர், லூயி பாடி, ரத்தக்குழாய் சேதம் மூன்றும் கலந்திருப்பது சர்வசாதாரணம். சாதாரண எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் குளுக்கோஸ் பெட், வைட்டமின் பி12, தைராய்டு, எல்லாவற்றுக்கும் மேலாக விரிவான விசாரிப்பு, இவையே இன்றைய அடிப்படை வழி.

விசாரிப்புக்கு நீங்கள் தயாராகப் போகலாம். முதலில் மாறியது எது, எந்த ஆண்டு, எதைச் செய்யும்போது தெரிந்தது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். ஒரே நாளில் தெளிவாக இருக்கும் நேரத்தையும் குழம்பிய நேரத்தையும் போனில் வீடியோ எடுங்கள். பக்கத்தில் படுப்பவரிடம் தூக்கத்தில் கத்தல், உதைத்தல் உண்டா என்று கேளுங்கள். எல்லா மாத்திரை அட்டைகளையும் கொண்டுபோங்கள், தூக்க மாத்திரையையும் ஜலதோஷ மாத்திரையையும் சேர்த்து. டிரைஹெக்சிஃபெனிடில், அமிட்ரிப்டிலின், குளோர்ஃபெனிரமின், ஆக்ஸிபியூட்டினின் ஆகியவை அசெட்டைல்கோலினைத் தடுப்பவை, ஏற்கெனவே அது வற்றிய மூளையில் குழப்பத்தைக் கூட்டும். நீங்களாக நிறுத்தாமல், மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

வகை தெரிந்தால் மருந்தும் மாறும். அசெட்டைல்கோலினைக் கூட்டும் மருந்துகளான டோனபெசில், ரிவாஸ்டிக்மின் அல்சைமரில் ஓரளவு உதவும், லூயி பாடியில் சிலருக்கு அதைவிட நன்றாகவே உதவும். நெற்றி-பொட்டுமடல் வகையில் அசெட்டைல்கோலின் வலையமைப்பு இலக்கே அல்ல. அங்கே இவற்றால் பயன் நிரூபணமாகவில்லை, படபடப்பு கூடியும் இருக்கிறது. மெமான்டின் என்ற இன்னொரு டிமென்ஷியா மருந்தும் அந்த வகையில் பலன் தரவில்லை என்று 2013-இல் வந்த ஆய்வு காட்டியது.

லூயி பாடி சந்தேகம் இருந்தால் இன்னொரு வேலை உண்டு. இரவில் உருவங்கள் தெரிந்து பதறுபவரை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனால், அமைதிப்படுத்த ஹாலோபெரிடால் ஊசி போடுவது வழக்கம். இந்நோயில் அது பலருக்குக் கடும் விறைப்பையும் சுயநினைவு இழப்பையும் தரும், உயிரையே வாங்கக்கூடும். "லூயி பாடி டிமென்ஷியா சந்தேகம், ஹாலோபெரிடால் தரவேண்டாம்" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு சீட்டில் எழுதி, நரம்பியல் மருத்துவரின் கையெழுத்து வாங்கி, அவருடைய மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். வீட்டில் இரவு துணையிருப்பவரின் போனிலும் அதன் படம் இருக்கட்டும்.